டூப்ளெக்ஸ் ஃப்ளாட்: எந்த மாடியில் எதை வைப்பது?

மேடவாக்கத்துக்காரி:
வணக்கம் நண்பர்களே. மேடவாக்கத்தில் ஒரு டூப்ளெக்ஸ் ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். மூன்றாவது மாடியும் நான்காவது மாடியும் எங்களுடையது, வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு. அதற்கு மேல் மொட்டை மாடி. சாவி கைக்கு வந்துவிட்டது, கார்ப்பெண்டர் வேலை இனிமேல்தான்.

கீழே ஹால், சமையலறை, குளியலறையோடு ஒரு படுக்கையறை, சின்ன யுட்டிலிட்டி (துணி துவைக்கும் இடம்). மேலே குளியலறையோடு இரண்டு படுக்கையறை, நடுவில் ஒரு குட்டி ஹால், பால்கனி. மேல் மாடியிலும் பொதுப் படிக்கட்டுப் பக்கம் ஒரு வாசல் இருக்கிறது. லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும்.

நாங்கள் இருவர், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், இப்போதுதான் நடக்கப் பழகும் பையன், எழுபதைத் தாண்டிய மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. இன்டீரியர் செய்ய வந்தவர், கீழ் அறையை விருந்தாளி அறையாக வைத்துவிட்டு அத்தைக்கு மேலே பால்கனி அறையைக் கொடுக்கலாம், காற்றோட்டமாக இருக்கும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதுவரை ஒரே தளத்தில் இருந்தே பழக்கம். இப்படிப்பட்ட வீட்டில் குடியிருப்பவர்கள் சொல்லுங்கள், எங்கே ஆரம்பிப்பது?

படியேறி:
சகோதரி, தாம்பரம் பக்கம் டூப்ளெக்ஸில்தான் குடியிருக்கிறோம். கீழ் அறை அத்தைக்குத்தான். இதில் யோசிக்கவே வேண்டியதில்லை. விருந்தாளி வருஷத்தில் சில நாள் வருவார், மேலே படுத்துக்கொள்வார்.

அத்தைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த மாதிரி வீட்டில் கீழ்த்தளம் மட்டுமே ஒரு முழு வீடாக இருக்க வேண்டும். ஒருவர் படியே ஏறாமல் தூங்க, குளிக்க, துணி மாற்ற, சாப்பிட, மாத்திரை எடுக்க எல்லாம் கீழேயே முடிய வேண்டும். கால் சுளுக்கினாலும், ஆபரேஷன் முடிந்து வந்தாலும், காய்ச்சலில் படுத்தாலும் யாருக்கும் அந்த அறை தேவைப்படும். அதை ஆபீஸ் அறை, பூஜை அறை என்று மாற்றிவிட்டவர்கள் எங்கள் அடுக்கிலேயே ஹாலில் கட்டில் போட்டுப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஒரு தாளை எடுங்கள். காலை ஐந்தரையிலிருந்து இரவு விளக்கு அணைக்கும் வரை வீட்டில் யார் எதற்காக மேலே போகிறார்கள், எதற்காகக் கீழே வருகிறார்கள் என்று எழுதுங்கள். பள்ளிக்கூட நாள் காலையை முதலில் எழுதுங்கள். சாக்ஸ் மேலே, ஷூ கீழே, அடையாள அட்டை மேலே, டிபன் டப்பா கீழே என்று இருந்தால் அரை மணி நேரத்தில் படிக்கட்டு திருவிழாக் கூட்டம்தான். எங்கள் வீட்டில் வாசலை ஒட்டி ஓர் உயரமான அலமாரி. மகள் புத்தகப் பை, ஷூ, சாக்ஸ், அட்டை, குடை, ஹெல்மெட், வண்டிச் சாவி எல்லாம் அதற்குள். காலையில் மேலிருந்து சீருடையோடு இறங்கினால் திரும்ப ஏற வேண்டிய வேலை கிடையாது.

அப்புறம் இரண்டிரண்டாக வாங்க வேண்டியவை: துடைப்பம், மாப், முறம், குப்பைக்கூடை, கத்தரிக்கோல், நகவெட்டி, சார்ஜர், தைலம், தெர்மாமீட்டர். விலை அதிகமில்லை, ஒன்றே ஒன்று இருந்தால் அது எப்போதும் அடுத்த மாடியில்தான் இருக்கும்.

குடிதண்ணீரை மறந்துவிடாதீர்கள். கேன் போடுகிறவர் மூன்றாம் மாடி வாசலில் இறக்கிவிட்டுப் போவார். இருபது லிட்டர் கேனை யாரும் மேலே தூக்கக் கூடாது. படி கழுவிய ஈரத்தில் கேனோடு ஏறுவது போல ஆபத்தான வேலை வேறு இல்லை. மேல் ஹாலில் மூடி போட்ட ஒரு சின்ன டிஸ்பென்சர், பக்கத்தில் மின்கெட்டில், நாலு டம்ளர். தினமும் சாயங்காலம் குடத்தில் கொண்டுபோய் நிரப்பினால் போதும். ஆர்.ஓ. வைப்பதாக இருந்தால் அதிலிருந்து மேலே ஒரு மெல்லிய குழாய் எடுக்க முடியுமா என்று இப்போதே பிளம்பரிடம் கேளுங்கள்.

சைட் இன்ஜினியர்:
வணக்கம் மேடம். மரவேலைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு டேப்போடு போய் படிகளை ஒவ்வொன்றாக அளந்துவிடுங்கள். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புப் படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதிக்கும் இடம் 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. அது கடைசி எல்லை. வயதானவர் இருக்கும் வீட்டில் 150 முதல் 170 மி.மீ. உயரம் இருந்தால்தான் கால் சிரமப்படாது.

உயரத்தைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமா என்பது. இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் அந்த அளவைப் பழகிவிடும், அதற்குப் பிறகு கண் பார்ப்பதில்லை. நடுவில் ஒன்று மாறினால் அங்கேதான் தடுக்கும்.

அடுத்தது மேல்பரப்பு. பளபளவென்று பாலிஷ் போட்ட கிரானைட் படி, ஈரக் காலில் வழுக்கும். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி இரண்டு மூன்று குரூவ் (கோடு மாதிரி பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். அறுப்பு மெஷினோடு வந்து ஒரே நாளில் முடித்துவிடுவார்கள், தூசி பறக்கும் என்பதால் பெயின்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டும். கருப்பு கிரானைட்டாக இருந்தால் விளிம்பில் வெள்ளை அல்லது மஞ்சள் கோடு தெரிய வேண்டும். இறங்கும்போது படி எங்கே முடிகிறது என்பது பார்வை மங்கியவர்களுக்குத் தெரியாமல் போனால் தவறி விழ நேரும்.

கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். பெரும்பாலும் திறந்த பக்கம் மட்டும் கம்பி போட்டுவிட்டு சுவர்ப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். வலது முழங்கால் வலிப்பவருக்கு ஏறும்போது ஒரு கை தேவை, இறங்கும்போது அதே கைக்குப் பிடி எதிர்ப் பக்கம் வந்துவிடும். உள்ளங்கை சுற்றிப் பிடிக்கிற மாதிரி ஒன்றரை அங்குல உருளைக் குழாய், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. கடைசிப் படியோடு நிறுத்தாமல் ஒரு அடி தாண்டிப் போகட்டும். அகலமான தேக்குப் பலகையைக் கைப்பிடியாக வைத்தால் பார்க்க அழகு, தடுமாறும் நேரத்தில் பிடிக்க முடியாது.

சாமான் விஷயமும் சொல்லிவிடுகிறேன். லேண்டிங்கில் திரும்பும் இடம்தான் தடை. மேலே போகிற கட்டில், பீரோ, அலமாரி எல்லாம் பிரித்து மாட்டக்கூடியதாக இருக்கட்டும். முழுசாக வெல்டு செய்த இரும்பு பீரோ கீழேயே இருக்கட்டும். உங்களுக்கு மேலேயும் ஒரு வாசல் இருப்பது பெரிய வசதி. லிஃப்டில் மூன்றாம் மாடி, பிறகு பொதுப் படிக்கட்டில் ஒரே மாடி ஏற்றி நேராக உள்ளே வைத்துவிடலாம். உள் படிக்கட்டின் சுவரும் கைப்பிடியும் கீறல் விழாமல் தப்பிக்கும்.

மேடவாக்கத்துக்காரி:
ரொம்ப நன்றி சார். இன்றைக்கே போய் அளந்தோம். மொத்தம் 17 ஏற்றம் (ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறும் உயரம்). பதினாறு 178 மி.மீ., கடைசியாக மேல் மாடித் தரையைத் தொடும் ஏற்றம் மட்டும் 205. மகள் ஏறும்போது அந்த இடத்தில் கால் இடித்தது. எதனால் இப்படி ஆகிறது? இதைச் சரி செய்ய முடியுமா, இல்லை அப்படியே விட்டுவிட வேண்டியதுதானா?

சைட் இன்ஜினியர்:
விட்டுவிடாதீர்கள் மேடம். படி வார்க்கும்போது மேல் தரையின் பூச்சும் டைலும் இவ்வளவு கனம் வரும் என்று ஒரு கணக்கு போடுவார்கள். குளியலறைக் குழாய்க்கு வாட்டம் எடுக்கவோ வேறு காரணத்துக்கோ மேல் தரை ஏறிவிட்டால் அந்த வித்தியாசம் முழுக்கக் கடைசி ஏற்றத்தின் தலையில் விழும். உங்கள் வீட்டில் 27 மி.மீ. ஏறியிருக்கிறது.

வழி இருக்கிறது. அந்த 27-ஐக் கடைசி ஆறு ஏற்றத்துக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் நாலரை மி.மீ. வரும். அதாவது மேலிருந்து ஐந்து படிகளின் கல்லை எடுத்துவிட்டு, அடியில் கலவையை ஏற்றி மறுபடி பதிக்க வேண்டும். உச்சிப் படி இருபத்திரண்டரை மி.மீ. உயரும், அடுத்தது 18, அதற்கடுத்தது பதின்மூன்றரை, பிறகு ஒன்பது, நாலரை. எல்லா ஏற்றமும் 178-லிருந்து 182.5-க்குள் அடங்கிவிடும், காலுக்கு வித்தியாசமே தெரியாது. கல்லை உடைக்காமல் எடுப்பது கஷ்டம், ஐந்து படிக்கும் புதுக் கல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை உங்கள் செலவில் செய்யாதீர்கள். ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை என்று எழுதிக் கொடுத்தால் பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். அளவுகளை எழுதி, டேப் வைத்த போட்டோவோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ச்சொல் எதற்கும் உதவாது.

பிள்ளைத்தாச்சி_அனுபவம்:
நடக்கப் பழகும் பையன் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பாப்பாவும் அந்த வயதில்தான் இருந்தாள்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று இரண்டு சுவருக்கு நடுவே இறுக்கி நிறுத்துவது, ஓட்டை போட வேண்டாம். இன்னொன்று சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்டுவது. படிக்கட்டின் உச்சியில் ஸ்க்ரூ போட்டதுதான் வேண்டும். குழந்தை ஓடிவந்து மோதினால் இறுக்கி வைத்தது நழுவும், குழந்தையும் கேட்டும் சேர்ந்து விழும். அதோடு இறுக்கும் வகைக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும், அதுவே பெரியவர்கள் காலைத் தட்டும். அடியில் நிற்கும் கேட்டுக்கு அந்த வகை பரவாயில்லை. மேல் கேட் மாடிப் பக்கமாகத்தான் திறக்க வேண்டும், படிப் பக்கம் திறக்கக் கூடாது.

கைப்பிடிக் கம்பிகளையும் பாருங்கள். செங்குத்துக் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும். கிடைமட்டமாகக் கம்பி போட்டிருந்தால் குழந்தை அதில் கால் வைத்து ஏறிவிடும். இப்போதைக்கு அக்ரிலிக் ஷீட்டோ கெட்டியான வலையோ உள்பக்கம் கட்டிவிடலாம். பால்கனிக்கும் இதே சோதனைதான். கம்பி ஓரத்தில் ஸ்டூல், பூந்தொட்டி, நாற்காலி எதுவும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. கேட் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாமல் குழந்தைக்கு இறங்கவும் கற்றுக்கொடுங்கள். குப்புறத் திரும்பி, வயிற்றால் சறுக்கி, காலை முதலில் கீழே விட்டு இறங்கும் பழக்கம் வந்துவிட்டால் என்றைக்காவது கேட்டைத் திறந்து வைத்துவிட்டாலும் ஓரளவு தைரியமாக இருக்கலாம்.

கூல்காற்று:
நான் ஏ.சி. வேலை செய்கிறவன். உங்களுக்கு மேலே மொட்டை மாடி என்பதால் இது முக்கியம். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் சாயங்காலத்துக்கு மேல்தான் உள்ளே சூட்டைக் கக்கும். கத்திரி வெயில் நாட்களில் ராத்திரி பதினோரு மணிக்கும் கூரையைத் தொட்டால் சுடும். நீங்கள் படுப்பதும் அந்த நேரத்தில் அந்த மாடியில்தான்.

ஏ.சி.யைப் பெரிதாக்கும் முன் கூரையைக் கவனியுங்கள். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு அதன் மேல் தட்டு ஓடு பதித்த வெதரிங் கோர்ஸ் ஒழுங்காக இருக்கிறதா, ஓட்டுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா பாருங்கள். அதன் மேல் வெள்ளை கூல் ரூஃப் பூச்சோ வெள்ளை டைலோ போட்டால் அதற்கு அடியில் இருக்கும் மேல் மாடி அறைகளில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். மொட்டை மாடி பொது இடமாக இருந்தால் அசோசியேஷனில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

அளவு விஷயத்தில், சாதாரண மாடியில் ஒரு டன் போதுமான அறைக்கு மொட்டை மாடிக்குக் கீழே ஒன்றரை டன் போடுவதுதான் வழக்கம்.

படிக்கட்டுதான் அடுத்த பிரச்சினை. குளிர்ந்த காற்று கனமானது, கீழே வழியும். சூடான காற்று மேலே ஏறும். மேல் ஹாலில் ஏ.சி. போட்டால் குளிர்ச்சி முழுக்கப் படி வழியாக இறங்கிப் போய்விடும், மெஷின் நிற்காமல் ஓடும். மேல் ஹாலுக்கு ஏ.சி.யே வேண்டாம், படுக்கையறைகளுக்கு மட்டும் போட்டுக் கதவைச் சாத்துங்கள் என்பதுதான் என் கருத்து. ஈ.பி. பில்லும் இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த யூனிட்டுகளுக்கான சலுகை விலையே போய்விடுகிறது, அதையும் மனசில் வையுங்கள்.

கோவை_மாடிவீடு:
ஏ.சி. நண்பர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். எங்கள் வீட்டில் படிக்கட்டின் உச்சியில் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறோம். மேல் ஹாலில் பிள்ளைகள் படிக்கும்போது ஏ.சி. ஓடுகிறது, குளிர்ச்சி நிற்கிறது. சமையல் வாசனையும் டி.வி. சத்தமும்கூட மேலே வருவதில்லை. குழந்தைக்கு கேட்டாகவும் ஆகிவிடும்.

கூல்காற்று:
கதவு போட்டால் வேலை செய்யும், சரிதான். ஆனால் வெயில் காலச் சாயங்காலத்தில் ஏ.சி. இல்லாமல் வீட்டைக் குளிர்விக்க அந்தத் திறந்த படிக்கட்டுதான் உதவும். கீழே ஒரு ஜன்னல், மேலே பால்கனிக் கதவு இரண்டையும் திறந்தால் சூடான காற்று மேல் வழியாக வெளியே போய் கீழே புதுக் காற்று இழுக்கும். அதனால் நிரந்தரமாக அடைக்காமல் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவாகப் போடுங்கள். கண்ணாடி என்றால் டஃபன் செய்ததுதான் (சூட்டில் பதப்படுத்திக் கெட்டியாக்கியது) வேண்டும், குழந்தையின் கண் மட்டத்திலும் பெரியவர் கண் மட்டத்திலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். படி முடிந்த உடனே கதவு வராமல் ஒரு ஆள் நிற்க இடம் விட வேண்டும்.

குழாயடி:
மேல் மாடிக் குளியலறையில் பெரிய மழை ஷவர் போட இன்டீரியர்காரர் சொல்லியிருப்பார். போடும் முன் ஓவர்ஹெட் டேங்கின் அடிமட்டம் ஷவரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். டேங்க் ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். அந்த அழுத்தத்தில் மழை ஷவர் சொட்டும், ஷவர் மிக்சரில் கீசர் வென்னீரும் குளிர்நீரும் சரியாகக் கலக்காது. அதே வீட்டில் கீழ் மாடிக் குழாய்க்கு இன்னும் மூன்று மீட்டர் உயரம் கூடுதலாகக் கிடைப்பதால் அங்கே நன்றாக வரும்.

மேல் மாடிக்கு மட்டும் ஒரு பிரஷர் பம்ப் வைக்கலாம். சத்தம் வரும் என்பதால் படுக்கையறைச் சுவரில் மாட்டாதீர்கள், அடியில் ரப்பர் வையுங்கள். அதற்கு இன்வெர்ட்டர் லைன் இல்லையென்றால் கரண்ட் போகும்போது பம்ப்பைத் தாண்டித் தண்ணீர் வர ஒரு பைபாஸ் வால்வு வேண்டும். அப்புறம், மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் தனித்தனி ஷட் ஆஃப் வால்வு இருக்கட்டும். மேலே ஒரு குழாய் பழுதானால் கீழே சமையல் நிற்கக் கூடாது.

மேடவாக்கத்துக்காரி:
வாஷிங் மெஷின் பற்றியும் சொல்லுங்களேன். யுட்டிலிட்டி கீழே சமையலறை ஓரம். அழுக்குத் துணி விழுவது பெரும்பாலும் மேலே, காயப்போடுவதும் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ.

படியேறி:
மேலேயே வையுங்கள். துணி மேலே கழட்டப்படுகிறது, மேலே காய்கிறது, மேலே அலமாரிக்குள் போகிறது. துவைக்க மட்டும் எதற்குக் கீழே இறக்கி ஈரத்தோடு தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்? ஈரத்துணி பக்கெட்டோடு படி ஏறுவது, கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லாமல் ஏறுவது.

குழாயடி:
பால்கனியில் வைப்பதாக இருந்தால் அங்கே கழிவுநீர்க் குழாய் இருக்கிறதா, மழைநீர்க் குழாய் மட்டும்தானா என்று பாருங்கள். நிறைய பால்கனிகளில் மழைநீர்க் குழாய் மட்டும்தான் இருக்கும். சோப்புத் தண்ணீரை அதில் விட்டால் நேராக மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போய்விடும், கூடாது. கழிவு லைன் இல்லையென்றால் மேல் குளியலறைக்குள்ளோ அதன் சுவரின் வெளிப்பக்கமோ வைத்து அங்கிருந்து லைன் எடுங்கள். இருக்கும் இடத்தில் தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்துவிட்டு டைல் போடுங்கள், வேலை இல்லாத நேரத்தில் குழாயை மூடி வையுங்கள். ஒழுகினாலும் உங்கள் ஹால் சீலிங்கில்தான் ஒழுகும், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வராது என்பது ஒரு நிம்மதி.

ஆனால் அத்தைக்குத் துணி துவைக்கும் பழக்கம் இருந்தால் கீழ் யுட்டிலிட்டியில் துவைகல்லோ ஒரு குழாயும் சின்னக் கொடியுமோ விட்டு வையுங்கள். அவர் துணிக்காக யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

சிங்கை_மேசனெட்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 1980களிலும் 90களின் நடுப்பகுதி வரையிலும் கட்டிய எக்ஸிக்யூட்டிவ் மேசனெட் வீட்டில் இருக்கிறோம். அமைப்பு கிட்டத்தட்ட உங்கள் வீடுதான்: கீழே ஹால், சமையலறை, ஓர் அறை. மேலே படுக்கையறைகள். மேல் மாடிக்குத் தனி வாசல் இல்லை.

இங்கே பல பேர் கீழ் அறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்குவார்கள். வாங்கும்போது எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அப்பா அம்மா வந்து தங்க ஆரம்பித்ததும் மறுபடி அறை எழுப்பினோம். வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தில், 2012-இல் வந்தது, முதியவர் இருக்கும் வீட்டுக் குளியலறைக்குப் பிடிகம்பியும் வழுக்காத தரைப் பூச்சும் மானியத்தோடு போட்டுத் தருகிறார்கள். உங்கள் ஊரில் அப்படித் திட்டம் இல்லாவிட்டாலும் பிடிகம்பி செலவு பெரிதில்லை, கழிப்பறை ஓரம் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. டைல் போடும் முன்பே எந்த இடம் என்று குறித்துவிட்டால் உறுதியாக நிற்கும்.

பழக்க வழக்கத்தில் ஒன்று. மேலிருந்து கீழே கத்திக் கூப்பிடுவது இந்த வீடுகளில் தானாக வந்துவிடும். எங்களுக்குக் கீழ் வீட்டில் கைக்குழந்தை பிறந்தபோது சொல்லிவிட்டார்கள். அம்மா படுக்கை ஓரம் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்று ஒட்டினோம், மணி மேலே எங்கள் அறையில் அடிக்கும். அம்மாவும் கூப்பிடத் தயங்குவதில்லை.

மேடவாக்கத்துக்காரி:
அழைப்பு மணி நல்ல யோசனை. அத்தையிடம் சொன்னேன், உடனே சரி என்றார்.

மேல் மாடி வாசல் பற்றி வீட்டில் இரண்டு கருத்து. பாதுகாப்பு இல்லை, செங்கல் வைத்து அடைத்துவிட்டு அந்த இடத்தில் அலமாரி போடலாம் என்கிறார் கணவர். உங்கள் கருத்து?

சைட் இன்ஜினியர்:
அடைக்காதீர்கள் மேடம், கெஞ்சிக் கேட்கிறேன். ராத்திரி சமையலறையிலோ ஹாலிலோ தீப்பிடித்தால் புகை முதலில் ஏறுவது உங்கள் உள் படிக்கட்டு வழியாகத்தான், அது புகைபோக்கி மாதிரி இழுக்கும். மேலே தூங்குகிறவர்கள் இறங்கவே முடியாது. அவர்களுக்கு அந்த வாசல் ஒன்றுதான் வழி. நல்ல கதவு, உள்ளிருந்து சாவியில்லாமல் கைப்பிடியைத் திருப்பினாலே திறக்கும் பூட்டு, கதவுக் கண், வெளியே கிரில். கிரில்லுக்குப் பூட்டு போட்டால் அதன் சாவி கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கட்டும். வாசலை மறித்து ஷூ ரேக், சைக்கிள் வைக்காதீர்கள்.

படிக்கு அடியில் கிடைக்கும் இடத்திலும் கவனம். பழைய பேப்பர், அட்டைப்பெட்டி, பெயின்ட் டப்பா, கூடுதல் கேஸ் சிலிண்டர் எதுவும் அங்கே வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரியையும் மின்சார ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜ் போடுவதையும் அங்கே வைக்காதீர்கள். அடியில் தீப்பிடித்தால் வீட்டுக்குள் இரண்டு தளத்துக்கும் நடுவே உள்ள ஒரே வழி போய்விடும். கொலு பொம்மைப் பெட்டி, சூட்கேஸ், பித்தளைப் பாத்திரம் வைக்க நல்ல இடம். ஒரு ஸ்மோக் டிடெக்டர் கீழே, ஒன்று படிக்கட்டின் உச்சிக் கூரையில்.

படியேறி:
எங்கள் வீட்டில் அந்த மேல் வாசலைப் பயன்படுத்தாத நாள் கிடையாது. மொட்டை மாடிக்கு வடகம் காயப்போடப் போகவும், மேலே பெருக்க வருகிறவர் ஹாலைத் தாண்டாமல் வரவும் அதுதான் வழி.

நெட்வொர்க்_தம்பி:
எல்லாரும் படிக்கட்டைப் பார்த்துவிட்டீர்கள், நான் ஒயரைப் பார்க்கிறேன். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வைஃபை சிக்னலை நன்றாகவே குறைக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இன்னும் அதிகமாகத் தேய்ந்துவிடும். கீழ் டி.வி. யூனிட்டில் ஒரு ரவுட்டரை வைத்துவிட்டு மேலே மூலை அறையில் வீடியோ மீட்டிங் நடத்த முடியாது. சுவரில் பட்டி பார்க்கும் முன் கீழ் ரவுட்டர் இடத்திலிருந்து மேல் ஹால் கூரை வரை ஒரு கேட்-6 (Cat-6) நெட்வொர்க் ஒயர் இழுத்துவிடுங்கள், முடிந்தால் இரண்டு. மேல் முனையில் ஒரு அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி). ஒயர் இழுக்கவே முடியாது என்றால் மெஷ் (ஒயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசும் வைஃபை பெட்டிகள்) வாங்குங்கள், இரண்டாவது பெட்டியைப் படிக்கட்டின் உச்சியில் வையுங்கள், திறந்த இடம் வழியாக சிக்னல் ஏறும்.

படி விளக்குக்குக் கீழும் மேலும் டூ வே ஸ்விட்ச். அந்த விளக்கு கண்டிப்பாக இன்வெர்ட்டர் லைனில் வர வேண்டும். வாசல் மணியின் சத்தம் மேலே கேட்க இரண்டாவது மணி. மேல் தளத்துக்குத் தனி ட்ரிப்பர் பெட்டி மேலேயே இருந்தால் நல்லது, ராத்திரி ஏ.சி. ட்ரிப் ஆனால் அதற்காகக் கீழே போக வேண்டாம்.

வேளச்சேரி_வாசகர்:
குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் மேலே இருப்பது விற்பனைக்கு வருகிறது. இரண்டையும் வாங்கித் தளத்தை வெட்டிப் படிக்கட்டு போட்டு டூப்ளெக்ஸ் ஆக்கலாமா?

சைட் இன்ஜினியர்:
கட்டட வரைபடமும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் எழுத்து மூலமான ஒப்புதலும் இல்லாமல் ஒரு சுத்தியல்கூடத் தளத்தில் படக் கூடாது. தளத்தில் ஓட்டை போட்டால் அங்கே ஓடும் கம்பிகள் அறுபடும், சுமை வேறு பக்கம் போகும், ஓரங்களில் புது உத்தரம் வேண்டியிருக்கும். சுவரும் தளமும் சேர்த்து அலுமினிய ஃபார்மில் (அச்சில்) வார்த்த கட்டடமாக இருந்தால் சுவரே தாங்கும் சுவர், அதைத் தொடவே முடியாது. திட்ட அனுமதி, அசோசியேஷன் சம்மதம், கடன் இருந்தால் வங்கிச் சம்மதம் மூன்றும் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஒவ்வொரு மாடியிலும் அறுபது எழுபது சதுர அடி படிக்கட்டுக்கே போய்விடும். உள்ளே வெட்டாமல் இரண்டு வீடாகவே வைத்துக்கொள்ளுங்கள், பெற்றோர் ஒரு தளம், நீங்கள் ஒரு தளம் என்று.

கோவை_மாடிவீடு:
வாங்க நினைப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள். மேல் தளமும் அனுமதி பெற்ற வரைபடத்தில் இருக்கிறதா, பத்திரத்தில் இரண்டு தளமும் எழுதியிருக்கிறதா? இரட்டை உயர ஹால் இருந்தால் அந்த வெற்றிடத்துக்கும் சதுர அடி விலை போடுகிறார்களா என்று கேளுங்கள். மொட்டை மாடி உங்களுக்கு மட்டும் என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள், ரேரா சட்டம் மொட்டை மாடியைப் பொது இடங்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

மேடவாக்கத்துக்காரி:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பில்டருக்குப் படி அளவுகளோடு மின்னஞ்சல் போய்விட்டது, ஆள் அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது. மேல் வாசல் இருக்கும், கிரில் போடுகிறோம். மெஷின் மேலே. கீழ் அறை அத்தைக்கு, சுவர்ப் பக்கமும் கைப்பிடி. அவர் மேலே வரவே மாட்டார் என்றில்லை, பேத்தி படிக்கும் இடத்தில் சாயங்காலம் உட்கார ஆசைப்படுகிறார், நிதானமாக ஏறுவார்.

கடைசியாக ஒன்று. அத்தை அறையில் மரவேலைக்கு நாளை அளவு எடுக்கிறார்கள். அந்த அறைக்கென்று தனியாக எதைச் சொல்ல வேண்டும்?

சைட் இன்ஜினியர்:
குளியலறைக் கதவு உள்ளே திறக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றச் சொல்லுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. தாழ்ப்பாள், வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பினால் திறக்கும் வகை. வாசற்படிக் கல் அரை அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கட்டிலின் உயரம், அவர் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதியும் அளவு. நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தே அளவு எடுங்கள்.

பிள்ளைத்தாச்சி_அனுபவம்:
அலமாரியில் அவர் தினமும் எடுக்கும் புடவை, மாத்திரை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே வரட்டும். கட்டில் ஓரமே விளக்கு ஸ்விட்ச். அப்புறம் ஒரு சின்ன ஷெல்ஃப் பேரன் கைக்கு எட்டாத உயரத்தில், மாத்திரைக்கு மட்டும்.